தமிழ்க் கணினித் தரப்பாடு

தமிழ்க் கணினித் தரப்பாடு என்பது, போட்டியிட்ட பல தமிழ் மென்பொருள்களுக்கு எழுத்துக் குறியீட்டையும் விசைப்பலகையையும் பொதுவாக்கிய முயற்சி. தமிழ்நாடு, சிங்கப்பூர், மலேசியா, இலங்கை, மேலை நாடுகள் ஆகியவற்றின் தமிழ் வல்லுநர்கள் இதில் பங்கேற்றனர்.

பின்னணி

மலேசியாவில் முத்து நெடுமாறனின் முரசு 1985இல் உருவானது. பின்னர் மயிலை, பாமினி, வானவில் எனப் பல எழுத்துருக்கள் பரவின. ஒவ்வொன்றும் தமிழ் எழுத்துகளைத் தன் போக்கில் வரிசைப்படுத்தியது. பாமினியில் தட்டிய கடிதத்தை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், ஆங்கில எழுத்துகளும் நிறுத்தற்குறிகளுமே தெரிந்தன. இந்திய மொழிகளுக்கான இஸ்கி குறியீடு 1988இல் வெளிவந்தது. அதைத் தழுவி 1991இல் யூனிகோடில் தமிழுக்கு இடம் கிடைத்தபோதும், பரவலான கணினிகள் அதை ஏற்கப் பல ஆண்டுகள் ஆயின.

மாநாடுகள்

1997இல் நா. கோவிந்தசாமியின் முன்முயற்சியில் சிங்கப்பூரில் நடந்த தமிழ்நெட் மாநாடு பொதுத்தரத்தின் தேவையை முன்வைத்தது. பல நாட்டு ஆர்வலர்கள் மின்னஞ்சலில் விவாதித்தே திஸ்கி என்னும் குறியீட்டை வகுத்தனர். 1999 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு சென்னையில் கூட்டிய தமிழ்நெட் 99 மாநாட்டின் பயனாக, டாம், டாப் என்ற இரு குறியீடுகளும் தமிழ்99 விசைப்பலகையும் அரசின் ஏற்பைப் பெற்றன. தொடர்ந்து பணியாற்ற 2000இல் உத்தமம் அமைப்பு தோன்றியது.

தமிழ்99 இயங்கும் விதம்

இதில் உயிரெழுத்துகள் பெரும்பாலும் இடக்கைக்கும் மெய்கள் வலக்கைக்கும் அமைந்துள்ளன. தருமபுரி மாவட்டத்தின் ‘கம்பைநல்லூர்’ என்ற ஊர்ப்பெயரைத் தட்ட க, ம, ப, ஐ, ந, ல, ல, ஊ, ர, புள்ளி என 10 விசைகள் போதும். மகரத்தை அடுத்துப் பகரம் வந்ததும் ‘ம்’ தானே புள்ளி பெறும். லகரம் இரட்டித்தால் முதலாவது மெய்யாகும். இறுதி ‘ர்’ ஒன்றுக்கே புள்ளி விசை தேவை. தமிழின் எழுத்துச் சேர்க்கையை அறிந்து வகுத்த ஏற்பாடு இது.

யூனிகோடு

அதே பெயர் யூனிகோடில் 12 குறிகளாகச் சேமிக்கப்படுகிறது; ‘ம்’ என்பது மகரம், புள்ளி என இரண்டாகும். ஒவ்வோர் எழுத்துக்கும் தனி இடம் வேண்டும் என்று கருதியோர் 16 பிட் குறியீடு ஒன்றை முன்மொழிந்தனர். 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டி, தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்று, அந்தக் குறியீட்டை மாற்றாக அறிவித்தது. மாற்றுக் குறியீடு பொதுமக்களிடம் பரவவில்லை. இயங்குதளங்களும் உலாவிகளும் ஏற்ற யூனிகோடே நிலைத்தது.

மதிப்பீடு

குறியீடு பொதுவானதால் மென்பொருள் போட்டி ஒழிந்துவிடவில்லை. எழுத்துருவின் அழகு, தட்டச்சின் எளிமை, பிழைதிருத்தியின் திறம் ஆகியவற்றில் அது தொடர்கிறது. ஆனால் பயனர் எந்த மென்பொருளை விட்டு எதற்கு மாறினாலும் அவர் எழுதியது அவருடனே வருகிறது. அரசாணை இதற்குத் துணை நின்றது. போட்டியாளர்களின் ஒப்புதலே இதை நிலைநிறுத்தியது. பழைய எழுத்துருக்களில் கிடக்கும் நூல்களையும் ஆவணங்களையும் யூனிகோடுக்கு மாற்றுவதே இத்துறையில் இனி விரைந்து முடிக்க வேண்டிய பணி.