புழுதியை யாருக்காக அடக்கினார்கள்?

கலிஃபோர்னியாவின் சான் வாக்கின் பள்ளத்தாக்கில் மண்ணுக்குள் காக்சிடியாய்டிஸ் என்ற பூஞ்சை வாழ்கிறது. புழுதியோடு அதன் வித்துகள் நுரையீரலுக்குள் போனால் வருவது ‘பள்ளத்தாக்குக் காய்ச்சல்’. இந்த நோயின் வரலாற்றைப் பெரும்பாலும் மருத்துவர்களின் கதையாகவே எழுதுகிறார்கள்: 1892-இல் புவெனஸ் ஐரிஸில் போசாடாஸ் ஒரு படைவீரரிடம் நோயைக் கண்டார்; ஓரணு உயிரி என்று எண்ணப்பட்டது 1900-இல் பூஞ்சை என்று தெளிந்தது; 1930களில் மிர்னி கிஃபர்டும் எர்னஸ்ட் டிக்சனும் பள்ளத்தாக்கின் சாதாரணக் காய்ச்சலுக்கும் இதே பூஞ்சைதான் காரணம் என்று காட்டினார்கள். எல்லாம் சரி. ஆனால் தடுக்கும் வழி தெரிந்தபின் அது யாரிடம் போய்ச் சேர்ந்தது என்பதில்தான் இந்த வரலாற்றின் சாரம் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போரின்போது இந்தப் பள்ளத்தாக்கில் விமானப் பயிற்சித் தளங்கள் முளைத்தன. வெளியூர்களிலிருந்து வந்த இளைஞர்கள், எதிர்ப்பாற்றல் இல்லாதவர்கள், வரிசையாகப் படுத்தார்கள். ஒரு விமானியை உருவாக்க ஆகும் செலவு ராணுவத்துக்குத் தெரியும். இந்த நோயை ஆராய்ந்த மருத்துவர் சார்லஸ் ஸ்மித்தின் யோசனைப்படி புல் விதைத்தார்கள், ஓடுபாதைகளுக்குத் தளம் போட்டார்கள், வெறும் தரையில் எண்ணெய் தெளித்தார்கள். தொற்று ஏறக்குறைய பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தது. 1946-இல் அது அச்சிலும் வந்துவிட்டது. ஆனால் ஓக்லஹோமா பக்கமிருந்து 1930களில் பிழைப்புத் தேடி வந்து பருத்தி எடுத்த குடும்பங்களும் எதிர்ப்பாற்றல் இல்லாத புதியவர்கள்தாம். அவர்களுக்காக யாரும் புல் விதைக்கவில்லை.

உழுகிற நிலத்தில் புல் வளர்க்க முடியுமா என்று கேட்கலாம். காற்றுக்கு வேலி கிடையாது என்றும் சொல்லலாம். 1977 டிசம்பர் புயல் கெர்ன் மாவட்டத்து மண்ணை ஸாக்ரமெண்டோ வரை தூக்கிப்போய் அங்கும் நோயைப் பரப்பியது. தொற்றியவர்களில் சுமார் 60 சதவீதம் பேருக்கு அறிகுறியே தெரியாது என்பதும் மெய். ஆனால் புயல் எப்போதோ வருவது, மண்வெட்டி தினமும் விழுவது. மண்ணை நனைத்துவிட்டு வெட்டலாம், காற்று ஓங்கும் நாளில் வேலையை நிறுத்தலாம், முகக்கவசம் கொடுக்கலாம். இவற்றுக்குப் பணம் வேண்டும், புதிய அறிவியல் வேண்டியதில்லை. நோய் இருப்பது தெரிந்த அதே மண்ணில்தான் 1980களிலும் 1990களிலும் அவெனால், பிளெசன்ட் வேலி சிறைகளை அரசே கட்டியது. எளிதில் கடுமையாகத் தாக்கப்படும் கைதிகளை அங்கிருந்து மாற்ற, 2013-இல் ஒரு கூட்டாட்சி நீதிபதி உத்தரவிட வேண்டியிருந்தது. இந்த நோய் பற்றித் தொழிலாளர்களுக்குப் பயிற்சி தரவேண்டும் என்று கலிஃபோர்னியா சட்டம் போட்டது 2019-இல். அதுவும் கட்டுமான வேலைக்கு மட்டும். வயலில் வேலை செய்பவர்கள் அந்தச் சட்டத்தில் இல்லை.