ஓட்டல் தொழிலாளியின் ஓய்வு: திருச்சியும் ஸ்ரீரங்கமும்

தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை நாகப்பட்டினத்திலிருந்து 1928-இல் பொன்மலைக்கு வந்தபோது, திருச்சியில் சங்கு ஊதினால் வேலை, மறுபடி ஊதினால் வீடு என்று வாழ்ந்த ஒரு தொழிலாளர் கூட்டம் உருவானது. அவர்களுக்கு ஞாயிறு விடுமுறை. பொன்மலைச் சந்தை கூடுவதும் ஞாயிறன்றுதான். ஜங்ஷனிலும் மெயின்கார்டு கேட்டிலும் ஸ்ரீரங்கத்திலும் இருந்த காபி கிளப்புகளில் சங்கு கிடையாது. ரயிலும் கோயிலும் வைத்ததே நேரம்.

விடியுமுன் அடுப்பு மூட்டினால்தான் முதல் ரயிலுக்கு வருபவர்களுக்கு இட்லி கிடைக்கும். மதியச் சாப்பாடு ஓய்ந்து மாலை டிபன் தொடங்கும்வரை சப்ளையர் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுக் கண்ணயர்வார். இரவு கடை அடைத்த பின்னும் மாவாட்டுபவருக்கு ஆட்டுரல் மிச்சமிருக்கும். வெளியூர் ஆட்களுக்குச் சாப்பாட்டோடு படுக்க இடமும் உண்டு: கடை மாடி, இல்லையேல் கொல்லைப்புறம். சலுகைதான், ஆனால் ஓய்வைக் கெடுத்ததும் அதுவே. கூப்பிடு தூரத்தில் படுத்திருப்பவருக்கு வேலை முடிவதேது? மார்கழியில் பரமபத வாசல் திறப்புக்கு ஊர் விழித்திருக்கும் இரவில் ஸ்ரீரங்கத்துச் சமையற்கட்டும் விழித்தே இருக்கும்.

சட்டம் மெதுவாக வந்தது. 1942-இன் வார விடுமுறைச் சட்டம் உணவகங்களையும் சேர்த்துக்கொண்டது. ஆனால் மாகாண அரசு அறிவித்த இடங்களில்தான் அது செல்லும். 1947-இன் சென்னைக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தை அடுத்து, 1958-இல் உணவு நிறுவனங்களுக்கென்றே தனிச்சட்டம் பிறந்தது. வாரத்துக்கு 48 மணி நேரம், ஒரு முழு நாள் விடுமுறை என்பது அதன் சாரம். ஆட்டுரல்காரரின் இரவை மீட்டது சட்டமல்ல, 1950-களில் கோவையிலிருந்து கிளம்பிய மின் கிரைண்டர்.

மணிக்கணக்கு மட்டும் போதாது; வேறென்ன வேண்டும் என்பதை ஆய்வாளர்கள் பின்னர் வகைப்படுத்தினர். சபீன் சோனென்டாக், சார்லட் ஃபிரிட்ஸ் இருவரும் 2007-இல் வெளியிட்ட அளவுகோல், களைப்பு தீர நான்கைக் கேட்கிறது: வேலை நினைப்பு அறுதல், தளர்ந்திருத்தல், புதிதாக ஒன்றில் தேர்ச்சி பெறுதல், தன் நேரம் தன் கையில் இருத்தல். கடை மாடியில் உறங்கியவருக்கு முதலாவதும் கடைசியும் எட்டாதவை. வாடிக்கையாளரின் கோபத்துக்கும் சிரித்த முகம் காட்ட வேண்டிய சப்ளையர், நேற்றைய எரிச்சலோடு இன்று இலை போட்டால் அது பரிமாறலில் தெரிந்துவிடும்.

ஓட்டல் ஊழியருக்கு நியாயமான அன்றாட ஓய்வும் வார ஓய்வும் வேண்டும் என்று கூறும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 172-ஆம் உடன்படிக்கை 1991-இல் நிறைவேறியது. இந்தியா அதை ஏற்று உறுதிசெய்யவில்லை.