எல்லாமே இருந்துச்சு... ஆனா ஏன் ஏமாத்துச்சு? - 'வைப்அவுட் ஃப்யூஷன்' கதை!

முதல் பாகம் செம ஹிட். ரெண்டாம் பாகத்துக்கு பட்ஜெட் டபுள், ஃபைட் டபுள், வில்லனும் டபுள். ஆனா, படம் முடிஞ்சு வெளியே வரும்போது 'எல்லாமே இருந்துச்சு... ஏதோ மிஸ்ஸிங்'னு ஒரு ஃபீல் வரும் பாருங்க, அது சினிமாவுக்கு மட்டும் சொந்தமில்லை. வீடியோ கேம் உலகத்துல அதுக்கு ஒரு பக்கா உதாரணம், 2002-ல் பிளேஸ்டேஷன் 2-வுக்கு வந்த 'வைப்அவுட் ஃப்யூஷன்'. எதிர்கால ரேஸிங் கேம்களின் ராஜாவாக இருந்த ஒரு சீரிஸ், சறுக்கி விழுந்து, மறுபடி எழுந்த கதை இது.

வைப்அவுட்னா என்ன?

இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்தில் இயங்கிய சிக்னோசிஸ் நிறுவனத்தின் தயாரிப்பு இது. 1993-லேயே அந்த நிறுவனத்தை சோனி வாங்கிவிட்டது. 1995 செப்டம்பரில் ஐரோப்பாவில் முதல் பிளேஸ்டேஷன் அறிமுகமானபோது, கூடவே வந்து இறங்கியது 'வைப்அவுட்'.

கதை நடப்பது 2052-ல். டயர் கிடையாது, தரையைத் தொடுவதும் கிடையாது. புவியீர்ப்புக்கு டாட்டா காட்டிவிட்டு மிதந்து பறக்கும் ஊர்திகள்தான் இங்கே ரேஸ் கார்கள். போகிற வழியில் கிடைக்கும் ராக்கெட், மிஸைல், மைன் எல்லாவற்றையும் எதிராளி மேல் ஏவலாம்.

இதெல்லாம் வேறு கேம்களிலும் உண்டுதான். வைப்அவுட்டைத் தனியாக நிறுத்தியது மூன்று விஷயங்கள்.

முதலாவது, கன்ட்ரோல். ஊர்தியின் இடப்பக்கத்துக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு ஒன்று எனத் தனித்தனி ஏர்பிரேக். வளைவு வரும்போது சரியான பக்கத்தை, சரியான நொடியில் அழுத்தணும். லேட் ஆனால் சுவர்தான். கைக்குப் பழக நாளாகும், பழகிவிட்டால் விடமாட்டீங்க.

இரண்டாவது, டிசைன். ஷெஃபீல்டு நகரத்தின் 'தி டிசைனர்ஸ் ரிபப்ளிக்' என்ற கிராஃபிக் டிசைன் ஸ்டூடியோ, ஒவ்வொரு ரேஸ் அணிக்கும் நிஜ கம்பெனி மாதிரி லோகோ வரைந்து கொடுத்தது. மெனு, எழுத்துரு, விளம்பரப் பலகை எல்லாமே ஒரே உலகத்தைச் சேர்ந்தவையாக இருந்தன.

மூன்றாவது, மியூசிக். டிம் ரைட்டின் எலெக்ட்ரானிக் இசையோடு ஆர்பிட்டல், லெஃப்ட்ஃபீல்டு, கெமிக்கல் பிரதர்ஸ் என அன்றைய கிளப் டான்ஸ் இசைக்காரர்களின் ட்ராக்குகளும் ஐரோப்பியப் பதிப்பில் இருந்தன. வீடியோ கேம்னா சின்னப் பசங்க சமாச்சாரம் என்ற பேச்சை மாற்றியதில் இந்த கேமுக்குப் பெரிய பங்கு உண்டு.

நல்ல சீக்வல் எப்படி இருக்கணும்?

இதற்கு பதில் இதே சீரிஸில் இருக்கு. 1996-ல் வந்த 'வைப்அவுட் 2097'. முதல் கேமில் சுவரில் இடித்தால் ஊர்தி கிட்டத்தட்ட நின்றே போகும். புதுசா ஆடுபவர்களுக்கு அது பெரிய எரிச்சல். 2097-ல் சுவரை உரசிக்கொண்டே போகலாம். ஆனா அதுக்கு ஒரு விலை உண்டு. ஊர்திக்குக் கவச சக்தி என ஒரு அளவு. அது தீர்ந்தால் வெடித்துவிடும்! ஒரு குறையைச் சரிசெய்து, அந்த இடத்திலேயே ஒரு புது டென்ஷனையும் வைத்தார்கள். பலருக்கு இந்த சீரிஸில் இன்றைக்கும் ஃபேவரைட் இதுதான்.

1999-ல் வந்த 'வைப்அவுட் 3' அதையே இன்னும் சுத்தமாக, அழகாகச் செய்தது. அதற்கடுத்து, பிளேஸ்டேஷன் 2 வந்தாச்சு. பல மடங்கு பவர். எதிர்பார்ப்பு எகிறியது.

ஃப்யூஷனில் என்ன மாறியது?

2002 பிப்ரவரியில் ஐரோப்பாவில் ஃப்யூஷன் வெளியானபோது சிக்னோசிஸ் என்ற பெயர் போய், 'ஸ்டூடியோ லிவர்பூல்' ஆகியிருந்தது. டிசைனர்ஸ் ரிபப்ளிக் இல்லை. டிசைன் வேலை வேறு நிறுவனத்துக்குப் போயிருந்தது.

லிஸ்ட்டைப் பார்த்தால் குறையே சொல்ல முடியாது. 8 அணிகள். 7 இடங்கள், ஒவ்வொன்றிலும் பல ரூட்கள். ஜெயித்த பணத்தில் ஊர்தியை மேம்படுத்தலாம். ஒவ்வொரு அணிக்கும் ஒரு சூப்பர் ஆயுதம். அன்றைய விமர்சகர்களும் ஒன்றும் கழுவி ஊற்றவில்லை. பலர் நல்ல மார்க்கே போட்டார்கள். ஆனால் பழைய ரசிகர்களுக்கு மட்டும் ஒட்டவே இல்லை.

ஏன்?

சந்துக்குள் 40-ல் போகும் பைக்கையும், பைபாஸில் 80-ல் போகும் பைக்கையும் நினைச்சுப் பாருங்க. நெஞ்சு படபடப்பது எதில்? சந்தில்தான். வேகம் என்பது ஸ்பீடாமீட்டர் நம்பர் இல்லை. சுவர் எவ்வளவு பக்கத்தில் இருக்கு என்பதில் இருக்கு. பழைய வைப்அவுட்டின் பாதைகள் ஒடுக்கமானவை. அதனால்தான் ஏர்பிரேக்குக்கு அவ்வளவு மரியாதை. ஃப்யூஷன் பாதைகளை அகலமாக்கியது. இடம் தாராளமாகக் கிடைத்ததும் பயம் போச்சு. பயம் போனதும் த்ரில்லும் போச்சு.

கூடவே ஊர்தியைக் கையாளும் விதமும் மாறியது. காற்றில் மிதக்கிற அந்தப் பழைய ஃபீல் குறைந்துபோனது. ஆயுதங்களின் ஆதிக்கம் கூடியதால், வளைவை அழகாகத் திருப்பும் திறமையைவிட, யாரிடம் பெரிய வெடி இருக்கு என்பது முக்கியமானது. அப்கிரேடு வந்ததும் இன்னொரு சிக்கல்: தோற்றால், 'நான் சரியா ஆடலை'ன்னு தோணாது, 'இன்னும் பணம் சேர்க்கலை'ன்னு தோணும். மறுபடி ஆடத் தூண்டுவது முதல் எண்ணம்தான்.

ஏமாற்றத்தில் கிடைத்த வைரம்

ஃப்யூஷனை மொத்தமாகக் குப்பையில் போட முடியாது. காரணம், 'ஸோன்' மோடு. எதிராளி இல்லை, ஆயுதம் இல்லை. வேகம் தானாகவே ஏறிக்கொண்டே போகும். நீங்கள் திருப்ப மட்டும்தான் செய்யணும். எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறீங்க என்பதுதான் ஸ்கோர். எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டே போன கேமில், எல்லாவற்றையும் கழித்துவிட்டு வைத்த இந்த ஒரு மோடுதான் அடுத்தடுத்த பாகங்களிலும் தொடர்ந்தது. இதைவிடச் சிறந்த விமர்சனம் ஃப்யூஷனுக்கு வேறெதுவும் இல்லை.

மறுபடி எழுந்தது எப்படி?

2005-ல், சோனியின் கையடக்க பி.எஸ்.பி-க்கு 'வைப்அவுட் ப்யூர்' வந்தது. பெயரிலேயே பதில் இருக்கு. சின்ன திரை, கச்சிதமான பாதைகள், மறுபடி அந்த மிதக்கும் ஃபீல். அதில் வந்த ஒரு புது விஷயத்தைப் பாருங்க: கையில் கிடைத்த ஆயுதத்தைச் சுடலாம், அல்லது உறிஞ்சிக் கவச சக்தியாக மாற்றிக்கொள்ளலாம். ஒவ்வொரு முறையும் யோசிக்க வைக்கும். கதையிலும் ஒரு குசும்பு. ஃப்யூஷனில் நடந்த எஃப்9000 லீக், ஊழலில் சிக்கிச் சரிந்துவிட்டதாம்! தன் தவறைத் தானே கதைக்குள் எழுதிக்கொண்ட மாதிரி இருந்தது.

2008-ல் பிளேஸ்டேஷன் 3-க்கு 'வைப்அவுட் ஹெச்.டி', 2012-ல் வீட்டாவுக்கு 'வைப்அவுட் 2048' என சீரிஸ் தொடர்ந்தது. அதே 2012 ஆகஸ்ட்டில் ஸ்டூடியோ லிவர்பூலை சோனி மூடியது. இந்த இரண்டு கேம்களும், ஹெச்.டி-யின் 'ஃப்யூரி' விரிவாக்கமும் சேர்ந்து 2017-ல் 'ஒமேகா கலெக்‌ஷன்' என்ற பெயரில் பிளேஸ்டேஷன் 4-க்கு வந்தன. அதில் ஃப்யூஷனின் ஒரு ட்ராக்கூட இல்லை. ஆனால் ஸோன் மோடு இருக்கு.

வாங்கும் முன் மூணு கேள்வி

இப்போ மாசத்துக்கு ஒரு சீக்வல் வருது. ட்ரெய்லரில் 'இத்தனை கார், இத்தனை மேப்' என்று நம்பர் அடுக்குவாங்க. காசு கட்டும் முன் இதைக் கேட்டுப் பாருங்க:

1. முந்தைய பாகத்தில் உங்களுக்குப் பிடிச்ச அந்த ஒரு விஷயம், இதில் பத்திரமா இருக்கா?

2. புதுசா சேர்த்தது அதற்கு உதவுதா, இல்லை அதை மறைக்குதா?

3. தோற்றால், 'இன்னொரு தடவை ஆடலாம்'னு தோணுமா, இல்லை 'இன்னும் செலவு பண்ணணும்'னு தோணுமா?

ரிலீஸான அன்றைக்கே வாங்கணும்னு எந்தக் கட்டாயமும் இல்லை. ரெண்டு நாள் பொறுத்து, யாராவது முழு ரேஸ் ஒன்றை எடிட் பண்ணாமல் ஆடும் வீடியோவைப் பாருங்க. உங்க கை தானாக அசைந்தால், வாங்கலாம் பாஸ்!