பேட்டையும் பலகையும்

மதுரைக்குப் புதிதாக வருகிறவர்கள் மாட்டுத்தாவணி என்ற பெயரைக் கேட்டுச் சிரிப்பதைப் பார்த்திருக்கிறேன். பாவாடை தாவணிதான் அவர்கள் மனதில் ஓடும். மாடுகளை வரிசையாகக் கட்டும் நீண்ட கயிற்றுக்கும் தாவணி என்றுதான் பெயர். கயிற்றின் பெயர் மாடு கட்டும் இடத்துக்கு ஆகி, பிறகு மாட்டுச் சந்தைக்கும் ஆகிவிட்டது. இன்று அங்கே பேருந்துகள் நிற்கின்றன. வெளியூரிலிருந்து வரும் வண்டி ராத்திரி எங்கே நிற்பது என்ற கேள்வி இந்த ஊருக்கு அவ்வளவு பழசு.

இப்போது அந்தக் கேள்வி லாரி உருவத்தில் வந்து நிற்கிறது. கீழமாரட் வீதிக்கு வெங்காயம் வர வேண்டும், கீழமாசி வீதிக்குப் பருப்பும் எண்ணெயும் வர வேண்டும். பகலில் கனரக வாகனங்கள் நகருக்குள் வரக் கட்டுப்பாடு உண்டு. ஆகவே லாரி இரவில் வருகிறது. கடை திறந்து சுமைதூக்குகிறவர்கள் வந்தால்தான் லோடு இறங்கும். அதுவரை அது எங்கேயோ ஓர் ஓரத்தில் நின்றாக வேண்டும்.

அந்த ஓரமோ லாரிக்காகப் போட்டதில்லை. ஆவணி மூல வீதி, மாசி வீதி எல்லாம் சாமி புறப்பாட்டுக்கான வீதிகள், மாதப் பெயர்களே அதைச் சொல்லும். வெளி வீதிகள் அதற்குப் பிந்தியவை. 1840களை ஒட்டிய ஆண்டுகளில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்த்தபோது கிடைத்த நிலத்தில் அமைந்தவை. அந்த வேலையில் இருந்த பெருமாள் மேஸ்திரியும் சர்வேயர் மாரட்டும் இன்றும் தெருப் பெயர்களாக இருக்கிறார்கள். பிளாக்பர்ன் நினைவாக வைத்ததுதான் விளக்குத்தூண். மாட்டு வண்டிக் காலத்தில் அந்தத் தெருக்கள் தாராளமானவை. பத்துச் சக்கர லாரி ஒன்று ஓரம் கட்டினால் இன்று பாதித் தெரு போய்விடுகிறது.

தெருவில் குடியிருப்பவர்கள் கோபப்படுவதில் நியாயம் இருக்கு. ஆம்புலன்ஸ் திரும்ப முடியாது. பின்விளக்கு இல்லாமல் இருட்டில் நிற்கும் லாரியில் பைக்கைக் கொண்டுபோய் மோதிச் சாகிறவர்கள் உண்டு. லாரிக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள இருட்டுச் சந்து வழியாக டியூஷன் முடிந்து பிள்ளைகள் வீடு திரும்ப வேண்டியிருக்கிறது. ராத்திரி லாரி நிறுத்துவதை ஒழுங்குபடுத்த வேண்டும் என்பதில் எனக்கு மறுபேச்சே இல்லை. எதை முதலில் செய்வது என்பதில்தான் நான் பழைய ஆட்களின் பக்கம் நிற்கிறேன்.

மதுரைக்குத் தெற்கே, திருமங்கலம், விருதுநகர், அருப்புக்கோட்டை, சிவகாசி என்று நீளும் கரிசல் வெளியில் 19-ஆம் நூற்றாண்டு நாடார் வணிகர்கள் வண்டியோடு அலைந்தவர்கள். பருத்தியும் கருப்பட்டியும் ஏற்றிய வண்டிக்கு வழிப்பறி பயம் உண்டு. அவர்கள் கட்டிக்கொண்ட ஏற்பாட்டுக்குப் பேட்டை என்று பெயர். சுற்றுச்சுவர், உள்ளே கிணறு, மாடு கட்ட இடம், சரக்கு இறக்கி வைக்க இடம், ஆள் படுக்க இடம். வியாபாரிகள் சரக்குக்கு இவ்வளவு என்று மகமை கொடுத்தார்கள். அந்தப் பொதுப்பணத்தை உறவின்முறை நிர்வகித்தது. அரசு உத்தரவு எதுவும் தேவைப்படவில்லை. வண்டி என்றால் மாடும் சரக்கும் மனுஷனும் சேர்ந்தது என்ற கணக்கு அந்தச் சுவருக்குள் தெளிவாக இருந்தது.

மதுரையின் அரசியும் இந்தக் கணக்கை அறிந்தவர்தான். 1689 முதல் 1706 வரை ஆண்ட மங்கம்மாளின் பெயர் சாலைகளுக்கும் சத்திரங்களுக்கும் ஒருசேர நிற்கிறது. சாலை போட்டால் சத்திரமும் வேண்டும். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே அவர் பெயரில் சத்திரம் இருக்கிறது.

பிரிட்டிஷ் காலச் சட்டமும் இதை அடியோடு மறக்கவில்லை. 1971-இல் மாநகராட்சி ஆகும்வரை மதுரை நகராட்சிக்குப் பொருந்தியது 1920-ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டம். அதில் வண்டிப்பேட்டைகளைப் பற்றிய பிரிவுகளின் வரிசை என்னைக் கவர்ந்தது. நகராட்சி வண்டிப்பேட்டை அமைத்துக் கட்டணம் வசூலிக்கலாம். அப்படி அமைத்துக் கொடுத்திருந்தால், அதிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் தெரு ஓரத்தில் வண்டி நிறுத்துவதைத் தடை செய்யலாம். அதாவது இடம் கொடுத்த பிறகே தடை. மாட்டு வண்டியை மனதில் வைத்து எழுதியதுதான். ஆனாலும் மோட்டார் வண்டி நிறுத்தமும் அதே பிரிவில் அடங்கியது.

கும்பகோணத்தில் தனியார் ஒருவர் நடத்திய பஸ் நிறுத்தத்தை மாற்றிய வழக்கு 1950களின் தொடக்கத்தில் உச்ச நீதிமன்றம் வரை போனது. பொதுமக்கள் வசதிக்காக நிறுத்தத்தை வேறு இடத்துக்கு மாற்றும் அதிகாரம் செல்லும் என்று தீர்ப்பானது. சரியான தீர்ப்பு என்றே நினைக்கிறேன். வண்டி நிற்கும் இடம் ஒருவரின் தனி லாபத்துக்கான விஷயம் ஆகிவிடக் கூடாது. ஆனால் அங்கேயும் பஸ்களுக்கு வேறோர் இடம் குறித்துக் கொடுத்தார்கள், போய்விடு என்று மட்டும் சொல்லவில்லை.

1988-இன் மோட்டார் வாகனச் சட்டத்தில் இந்த முடிச்சு தளர்ந்துவிட்டது. நிறுத்துமிடங்களைத் தீர்மானிக்கலாம் என்று ஒரு பிரிவு இருக்கிறது. பொது இடத்தில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆளில்லாமல் விட்ட வண்டியை, அல்லது தடை செய்த இடத்தில் நிற்கும் வண்டியை இழுத்துச் செல்லலாம் என்று இன்னொரு பிரிவு. இரண்டும் தனித்தனியாக நிற்கின்றன. பேட்டை கட்ட நிலம் வேண்டும், பணம் வேண்டும். 'நோ பார்க்கிங்' பலகைக்கு ஒரு கம்பம் போதும். எது முதலில் வரும் என்று ஊகிப்பது கஷ்டமா என்ன?

இதற்கிடையில் 1961-இல் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வந்தது. தொழிலாளர்கள் இரவில் தங்க வேண்டிய ஒவ்வோர் இடத்திலும் முதலாளி ஓய்வறை வைக்க வேண்டும் என்று அது சொன்னது. ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்துக்குத்தான் அது பொருந்தியது. ஒன்றிரண்டு லாரி மட்டும் வைத்திருக்கும் சின்ன முதலாளிகள் நாடு முழுக்க நிறைந்திருக்கிறார்கள். அவர்களுடைய டிரைவர்களுக்கு அந்த ஓய்வறை காகிதத்தில்கூடக் கிடையாது. ஒருமுறை வெளி வீதியில் கேபினிலிருந்து காலை நீட்டிப் படுத்திருந்த டிரைவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "நிறுத்தாதேன்னு சொல்ல நாலு பேர் வர்றாங்க தம்பி. எங்க நிறுத்தணும்னு சொல்ல ஒருத்தரும் வரல" என்றார்.

அமெரிக்காவில் இதே பிரச்சினைக்கு ஓர் உயிர் போன பிறகுதான் கண் திறந்தது. 2009-இல் பால் ஏற்றி வந்த ஜேசன் ரிவன்பர்க் என்ற டிரைவர், இறக்கும் இடம் திறக்க நேரம் இருந்ததால், கைவிடப்பட்ட ஒரு பெட்ரோல் பங்கில் லாரியை நிறுத்தினார். அங்கே சுட்டுக் கொல்லப்பட்டார். கொள்ளை போனது ஏழு டாலர். லாரி நிறுத்துமிடங்களுக்கு வழிசெய்யும் 2012-இன் சட்டப்பிரிவை அங்கே ஜேசன் சட்டம் என்றே அழைக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 45 மணி நேர வார ஓய்வை லாரி கேபினுக்குள் எடுக்கவே கூடாது. நம்மூரில் 2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளுக்கு ஏ.சி. கேபின் கட்டாயம் என்றார்கள். நல்லதுதான். ஆனால் கேபினில் தண்ணீர்த் தொட்டியும் கழிப்பறையும் வராது.

தூங்கா நகரம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அல்லங்காடி என்னும் இரவுச் சந்தை சங்க காலத்திலேயே இருந்த ஊர் இது. அந்தச் சந்தைக்குச் சரக்கு கொண்டுவருகிறவர் தூங்கித்தான் ஆக வேண்டும். நள்ளிரவில் எழுப்பி விரட்டிய டிரைவர் விடியும்முன் நான்குவழிச் சாலையில் ஏறுகிறார். அதே சாலையில்தான் நாம் ஆம்னி பஸ்ஸில் கண் மூடி வருகிறோம்.

ஆகவே நான் கேட்பது சின்ன விஷயம். தெருவில் தடைப் பலகை வைக்கும்போது, எந்த இடத்தில் நிற்கலாம், அது எத்தனை கிலோமீட்டர் என்பதையும் அதே பலகையில் எழுத வேண்டும். எழுத இடம் இல்லையென்றால் முதலில் ரிங் ரோட்டுப் பக்கம் ஒரு பேட்டை கட்டட்டும். சுவர், விளக்கு, தண்ணீர், கழிப்பறை, காவலாள், படுக்கத் திண்ணை. செலவுக்குச் சரக்கு இறக்கும் கடைகள் மகமை போடலாம். வழக்கம் நமக்குப் புதுசு இல்லையே.