கடல் எண்ணெய் மேடைகளின் இடர் பகுப்பாய்வில் மனித, நிறுவனக் காரணிகள்

கடலில் எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கும் மேடைகளில் விபத்து நேரும் வாய்ப்பைக் கணிக்கையில், கருவிகளின் பழுதோடு ஊழியர் செயலையும் நிர்வாக முடிவுகளையும் சேர்த்து எடைபோடும் துறை. இதன் வரலாறு பெரும்பாலும் வட கடலைச் சார்ந்தது. 1965இல் ஸீ ஜெம் மேடை சரிந்து 13 பேரும், 1980இல் அலெக்சாண்டர் கீலாண்ட் கவிழ்ந்து 123 பேரும் மாண்டனர். மறு ஆண்டு நோர்வே வெளியிட்ட இடர் மதிப்பீட்டு வழிகாட்டுதல் முதன்மையாக வடிவமைப்பைப் பற்றியது.

துறையின் திருப்புமுனை 1988 ஜூலை 6 அன்று ஸ்காட்லாந்துக்கு அப்பால் எரிந்த பைப்பர் ஆல்ஃபா மேடை. அன்று பகலில் ‘ஏ’ கன்டென்சேட் (வாயுவிலிருந்து பிரியும் நீர்ம எரிபொருள்) பம்பின் பாதுகாப்பு வால்வைப் பராமரிப்புக்காகக் கழற்றி, குழாய் வாயை அடைப்புத் தகட்டால் மூடியிருந்தார்கள். வேலை முடியாமல் நிறுத்தி வைக்கப்பட்ட பணிகளின் அனுமதிச் சீட்டுகள் கட்டுப்பாட்டு அறையில் அல்ல, பாதுகாப்பு அலுவலகத்தில் இருப்பதே அங்கு வழக்கம். மாலை ஷிப்ட் மாறியபோது வால்வு இல்லாத செய்தி கைமாறவில்லை. இரவு 9.45 அளவில் ‘பி’ பம்ப் நின்றது. இரவுக் குழு ‘ஏ’ பம்பை இயக்க முனைந்தது. 10 மணிக்கு வெடிப்பு. முக்குளிப்போர் நீரில் இருந்ததால், அவர்கள் உறிஞ்சப்படாதிருக்க, தீயணைப்பு பம்புகள் தானாக ஓடாத நிலையில் வைக்கப்பட்டிருந்தன. பைப்பர் எரிவது தெரிந்தும் அதனுடன் குழாய்களால் இணைந்த டார்ட்டன், கிளேமோர் மேடைகள் உற்பத்தியை உடனே நிறுத்தவில்லை. தங்குமிடத்தில் உத்தரவுக்காகக் காத்திருந்தோரில் மிகப் பலர் புகையால் இறந்தனர். பிழைத்தவர்களில் பலர் காத்திராமல் கடலில் குதித்தவர்கள். மீட்புப் படகில் வந்த இருவர் உட்பட 167 பேர் பலியாயினர். 61 பேர் உயிர் தப்பினர்.

வெடிப்புக்குக் காரணமான கசிவு அடைப்புத் தகட்டின் வழியே நேர்ந்திருக்கக் கூடும் என்பது விபத்தை ஆராய்ந்த கல்லன் பிரபு விசாரணையின் முடிவு. சிதைவுகள் கடலடியில் கிடந்ததால் நேரடிச் சான்று கிட்டவில்லை. மாற்றுக் கருத்துகளும் முன்வைக்கப்பட்டன. 1990 அறிக்கையின் 106 பரிந்துரைகளும் ஏற்கப்பட்டன. மேடை பாதுகாப்பானது என்பதை நடத்துநரே எழுத்தில் நிறுவ வேண்டும் என்ற ‘பாதுகாப்பு ஆவண’ விதி பிரிட்டனில் 1992இல் வந்தது. ஸ்டான்போர்டின் எலிசபெத் பாத்தே-கார்னெல் 1993இல் இதே விபத்தைப் பிரித்து, ஒவ்வொரு தொழில்நுட்பப் பிழைக்கும் பின்னிருந்த முடிவையும், அம்முடிவுக்குப் பின்னிருந்த நிர்வாகப் பழக்கத்தையும் அடுக்கிக் காட்டினார். அனுமதிச் சீட்டு முறையின் தளர்வும் உற்பத்தியை நிறுத்தத் தயங்கும் போக்கும் அந்த அடுக்கில் இடம்பெற்றன.

மனிதப் பிழையை எண்ணால் குறிக்கலாமா என்பதில் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. அணுமின் துறைக்காக உருவான பிழை விகித அட்டவணைகள் கடல் மேடைக்கு எவ்வளவு பொருந்தும் என்பதும் கேள்விக்குரியதே.

பைப்பருக்குப் பின்னும் விபத்துகள் தொடர்ந்தன. 2005இல் இந்தியாவின் பாம்பே ஹை மேடையில், விரலில் அடிபட்ட சமையலாளரை மேடைக்கு மாற்ற வந்த துணைக்கப்பல் மோதித் தீப்பற்றியதில் 22 பேர் மடிந்தனர். 2010இல் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் வெடித்து 11 பேர் இறந்தனர். கிணற்றின் அழுத்தச் சோதனை தவறாகப் பொருள்கொள்ளப்பட்டது அங்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. 2013இல் ஐரோப்பிய ஒன்றியம் கடல் மேடைப் பாதுகாப்புக்கெனத் தனி நெறிமுறை வகுத்தது.