கேள்விக்குறியின் பாட்டு

ராக் இசை வரலாற்றில் 'ஒரே பாட்டில் ஓய்ந்தவர்கள்' என்றொரு பட்டியல் உண்டு. சந்தை தன் மறதியைக் கலைஞனின் குறையாகத் திருப்பிப்போடும் தந்திரம் இது என்பது என் வாசிப்பு. 1966இல் வெளிவந்த '96 டியர்ஸ்' பாட்டை வைத்து இதைப் பார்க்கலாம்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் சாகினா பள்ளத்தாக்கு, சர்க்கரை பீட் விளையும் பூமி. அந்த வயல்வேலைக்காக டெக்சாஸிலிருந்து பருவம்தோறும் வந்துபோன மெக்சிகோ வழிக் கூலிக் குடும்பங்கள் பல அங்கேயே தங்கிவிட்டன. அப்படிப்பட்ட வீட்டுப் பையன்கள் 1962இல் பே சிட்டியில் அமைத்த குழுதான் 'மிஸ்டீரியன்ஸ்'. பெயர், 1957இல் வந்த ஒரு ஜப்பானியப் படத்திலிருந்து எடுத்தது. படத்தில் மிஸ்டீரியன்கள் பூமியில் இடம் கேட்டு வரும் வேற்றுக்கிரகத்தார். வந்தேறிகளாகப் பார்க்கப்பட்டவர்கள் இந்தப் பெயரை எடுத்துக்கொண்டது தற்செயல்தானா?

பாடகர் இன்னும் ஒருபடி மேலே போனார். தன் பெயரே '?' என்றார். செவ்வாயிலிருந்து வந்தவன், டைனோசர்களோடு வாழ்ந்தவன் என்றார். குறுந்தொகைப் புலவர் ஒருவர் பெயர் தொலைந்து, தன் உவமையாலேயே செம்புலப்பெயனீரார் ஆனார். அங்கே காலம் பெயரை அழித்தது. இங்கே பாடகரே மறைத்துக்கொண்டார். பெயரைக் கேட்டதும் ஆளை எடைபோடும் சமூகத்தில் இதுவும் ஒரு தற்காப்புதான்.

பாட்டில் பெரிய வித்தையெல்லாம் ஒண்ணுமில்லை. பதின்வயது ஃபிராங்க் ரோட்ரிகஸ் ஆர்கனில் வாசிக்கிற சின்னத் துணுக்கு, திரும்பத் திரும்ப வருகிறது. அழவைத்துப் போனவளிடம், ஒருநாள் நீ அழுவாய் என்கிற குரல். கெஞ்சலா மிரட்டலா, பிரிக்க முடியவில்லை. கீழே கிடப்பவன் மேலே வரும் நாளைப் பற்றிய பேச்சாகவும் அது எனக்குக் கேட்கிறது.

லிலியன் கொன்சாலெஸ் நடத்திய 'பா-கோ-கோ' என்ற சிறு நிறுவனம் முதலில் சில நூறு தட்டுகளே போட்டது. ஃபிளின்ட், டெட்ராய்ட் வட்டார வானொலிகளில் பாட்டு பற்றிக்கொண்டது. கேமியோ கம்பெனி அதை வாங்கி நாடெங்கும் கொண்டுபோக, அக்டோபர் 29, 1966 அன்று பில்போர்டு பட்டியலில் முதலிடம். அடுத்த பாட்டு 22ஆம் இடம்வரை ஏறியது. ஆக, 'ஒரே பாட்டு' என்பதே கணக்குப்படி சரியில்லை.

பிறகு நடந்ததுதான் முக்கியம். 1967இல் கேமியோ-பார்க்வே நிறுவனம் ஆலன் கிளைன் கைக்குப் போனது. மூல ஒலிநாடாக்களும் கூடவே போயின. 2005வரை அந்த மூலப்பதிவு குறுந்தகடாக முறைப்படி வெளிவரவில்லை. இடையில் 1997இல் குழுவினர் தங்கள் பழைய பாட்டுகளைத் தாங்களே மறுபடி பாடிப் பதிவுசெய்ய வேண்டியிருந்தது. தன் குரலுக்குத் தானே நகலாவது எப்பேர்ப்பட்ட நிலை!

ஆசிரியன் இறந்துவிட்டான் என்று பார்த் எழுதியதும் அதே 1967இல்தான். சரி, இறக்கட்டும். உரிமையாளர் இறக்கவில்லையே!

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1971இல் 'கிரீம்' இதழில் டேவ் மார்ஷ் 'பங்க் ராக்' என்ற சொல்லை எழுதியது இந்தக் குழுவைப் பற்றித்தான். அச்சொல்லின் மிக ஆரம்பகாலப் பயன்பாடுகளில் அது ஒன்று. பிற்பாடு பங்க் வரலாறு நியூயார்க், லண்டன் என்றே பெரும்பாலும் எழுதப்பட்டது. பீட் வயல்களிலிருந்து அதைத் தொடங்கி எழுதினால், 'ஓய்ந்தவர்கள்' பட்டியலில் இவர்களுக்கு இடமிருக்காது.