யுத்தத்துக்கு பில் கட்டியது யார்?

இரண்டாம் உலகப்போர் என்றதும் ஹிட்லர், ஹிரோஷிமா, நேதாஜி என்று ஆரம்பித்துவிடுவோம். நான் பி.காம். படிக்கிற ஆள். எனக்கு முதலில் வருகிற சந்தேகமே வேறு. இவ்வளவு பெரிய சண்டைக்குக் காசு எங்கிருந்து வந்தது? இந்தியாவை மட்டும் எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

1939 செப்டம்பர் 3-ம் தேதி வைஸ்ராய் லின்லித்கோ, இந்தியாவும் போரில் இறங்கிவிட்டது என்று அறிவித்தார். இங்குள்ள தலைவர்கள் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதைக் கண்டித்துத்தான் ராஜாஜி உட்பட காங்கிரஸ் மந்திரிசபைகள் ராஜினாமா செய்தன. இது பள்ளிக்கூடப் பாடத்திலேயே இருக்கிறது. அதன் பிறகு போட்ட பண ஒப்பந்தத்தைப் பற்றித்தான் யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை.

ஒப்பந்தம் பார்க்க நியாயமாகவே இருக்கும். இந்தியாவின் சொந்தப் பாதுகாப்புச் செலவு இந்தியாவுடையது. அதற்கு மேல் ஆகிற செலவை பிரிட்டன் தரும். ஆனால் எப்படித் தரும்? இங்கேதான் விஷயம். இந்தியாவில் துணி, பூட்ஸ், கூடாரம், தானியம் என்று படைகளுக்கு வாங்கிக் குவித்தார்கள். அதற்கான பவுண்டை லண்டனில் ரிசர்வ் வங்கியின் கணக்கில் வரவு வைத்தார்கள். அந்தப் பவுண்டை ஈடாகக் காட்டி ரிசர்வ் வங்கி இங்கே ரூபாய் நோட்டு அடித்து, சரக்கு கொடுத்தவர்களுக்குக் கொடுத்தது. டெபிட், கிரெடிட் இரண்டும் பைசா பிசகாமல் டேலி ஆகும்!

ஆனால் லண்டனில் கிடந்த பவுண்டை வைத்து நாம் ஒன்றும் வாங்க முடியாது. பிரிட்டிஷ் தொழிற்சாலைகள் எல்லாம் குண்டும் விமானமும் செய்துகொண்டிருந்தன, கப்பலிலும் இடம் கிடையாது. ஆக, சரக்கு நாட்டை விட்டுப் போனது, அல்லது ராணுவத்துக்குப் போனது. நாட்டில் மிஞ்சியது நோட்டு. 1939-ல் சுமார் 180 கோடி ரூபாயாக இருந்த நோட்டுப் புழக்கம், 1945 முடியும்போது சுமார் 1,200 கோடி. உலோகமும் சிக்கனம்தான். 1940-ல் ரூபாய் நாணயத்தில் வெள்ளி பாதியாகக் குறைந்தது, 1943-ல் நடுவில் ஓட்டை போட்ட காலணா வந்தது. சில வீடுகளில் தாத்தா பாட்டியின் பெட்டியில் இன்னும் கிடக்கும், தேடிப் பாருங்கள்.

விலைவாசி எல்லோரையும் அடித்தது. ஆனால் வங்காளத்தில் அது உயிரையே எடுத்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியரிடம் விழுந்ததும் பர்மா அரிசி நின்றுபோனது. எதிரிக்குக் கிடைக்கக்கூடாது என்று கடலோர மாவட்டங்களில் படகுகளையும் அரிசியையும் அரசாங்கமே எடுத்துக்கொண்டது. அக்டோபரில் மிதுனாப்பூரில் புயல் வேறு. கல்கத்தாவில் 1942 டிசம்பரில் ஒரு மணங்கு அரிசி (சுமார் 37 கிலோ) 13, 14 ரூபாய். அடுத்த ஆகஸ்டில் 37 ரூபாய். விவசாயக் கூலிக்கும் மீனவருக்கும் வருமானம் அந்த வேகத்தில் ஏறுமா? 1945-ல் அரசு விசாரணைக் கமிஷன் சொன்ன சாவு எண்ணிக்கை 15 லட்சம். பிற்கால ஆய்வாளர்கள் பலர் சொல்வது சுமார் 30 லட்சம்.

அமர்த்தியா சென் 1981-ல் எழுதிய புத்தகத்தில், 1943-ல் வங்காளத்தில் இருந்த அரிசி 1941-ஐ விட அதிகம் என்று கணக்குக் காட்டுகிறார். 1941-ல் பஞ்சம் இல்லை. அந்தப் புள்ளிவிவரத்தோடு சண்டை போடுகிறவர்களும் உண்டு. ஆனால் கையில் யுத்தப் பணம் இருந்த கல்கத்தா சாப்பிட்டது, அது இல்லாத கிராமம் செத்தது என்பதை மறுப்பது கஷ்டம்.

ஆக என் கணக்குப்படி பில் கட்டியவர்கள் இவர்கள்தான். வரி என்று பெயர் வைக்காத வரி. கான்ட்ராக்டர்களும் பதுக்கல்காரர்களும் கட்டவில்லை, சம்பாதித்தார்கள். 1946 ஜனவரியில் 100 ரூபாய்க்கு மேற்பட்ட நோட்டுகள் செல்லாது என்று அறிவித்ததே அந்தப் பணத்தைப் பிடிக்கத்தான்.

அப்படியானால் லண்டனில் இருந்த பணம்? போர் முடிந்தபோது அது சுமார் 130 கோடி பவுண்டு. அன்று ஒரு பவுண்டுக்கு 13 ரூபாய் 5 அணா சொச்சம், பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். இருநூறு வருஷமாக நம்மை ஆண்டவன் நமக்குக் கடன்காரன்! இந்தியாவைக் காப்பாற்றியதற்கு நாங்கள்தான் எதிர் பில் போட வேண்டும் என்கிற ரீதியில் சர்ச்சில் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். கடைசிவரை பிரிட்டன் கடனை இல்லையென்று சொல்லவில்லை, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அவர்கள் நிலைமையும் மோசம். 1946-ல் அமெரிக்காவிடம் 375 கோடி டாலர் கடன் வாங்கினார்கள். அந்த நிபந்தனைப்படி 1947 ஜூலையில் பவுண்டை டாலராக மாற்ற அனுமதித்தார்கள். ஐந்தே வாரத்தில் டாலர் கரைந்து, கதவை மூடிவிட்டார்கள். நம் பணத்தையும் தவணை முறையில்தான் எடுக்க முடிந்தது. 1949 செப்டம்பரில் பவுண்டின் மதிப்பை 4.03 டாலரிலிருந்து 2.80-க்கு இறக்கினார்கள். நம் பாக்கியின் டாலர் மதிப்பில் முப்பது சதவீதம் ஒரே ராத்திரியில் காலி.

மீதி எதற்குப் போனது என்கிறீர்களா? 1948 ஒப்பந்தப்படி, பிரிட்டிஷ் ராணுவம் இங்கே விட்டுவிட்டுப் போன தளவாடங்களுக்கு 10 கோடி பவுண்டு. இங்கே வேலை பார்த்து ஊர் திரும்பிய வெள்ளைக்கார அதிகாரிகளின் பென்ஷனுக்கு இன்னொரு பெரிய தொகை. அப்புறம் வெளிநாட்டுத் தானியம். கடைசியில் மிஞ்சியதில் பெரும்பகுதி இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்தின் இயந்திர இறக்குமதியில் கரைந்தது.